வாட் கணக்கில் வராத வழித்துணை: தங்கவயலின் கள ஊர்திக்கு எந்த வானொலி?

கோலார் தங்கவயலுக்குக் கள ஆய்வுக்குச் செல்லும் ஊர்தியில் இருவழி வானொலி பொருத்த வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அது இரண்டு கேள்விகளில் முடிந்துவிடுகிறது: விலை என்ன? எத்தனை வாட்? இவை கேட்கத்தக்க கேள்விகளே; ஆனால் முதலில் கேட்கத்தக்கவை அல்ல. மறுமுனையில் கேட்பவர் யார்? பேசுபவருக்குப் பேசும் உரிமை உண்டா? இடையில் நிற்பது காற்றா, பாறையா? இம்மூன்றுக்கும் விடை காணாமல் வாங்கப்படும் கருவி பாதுகாப்பைத் தருவதில்லை. பாதுகாப்பு இருப்பதான மயக்கத்தையே தருகிறது. மயக்கத்தை நம்பிச் செல்பவர், எதுவுமின்றிச் செல்பவரைவிடத் துணிந்து, விலகிய பாதைகளில் செல்கிறார் என்பதே இதிலுள்ள ஆபத்து.

பாறையைப் பற்றித் தங்கவயலுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடயம் பதிவானது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினர் அங்கே இறங்கியதற்குக் காரணம், மேலிருந்து பொழியும் ஏனைய காஸ்மிக் துகள்களைப் பாறை தடுத்துவிடும் என்பதுதான். எதை அளக்க வேண்டும், எது குறுக்கே நிற்க வேண்டும் என்று தீர்மானித்த பிறகே அவர்கள் கருவியைத் தீர்மானித்தார்கள். அதே மண்ணில் இன்று ஆய்வு செய்ய வருபவர்கள், தள்ளுபடி விலையைப் பார்த்துக் கருவியைத் தீர்மானிப்பது அறிவுலகுக்கு அழகல்ல.

வாட் மயக்கத்தை எளிய கணக்கே கலைத்துவிடும். 5 வாட் கருவிக்குப் பதிலாக 50 வாட் கருவியைப் பொருத்தினால் கிடைக்கும் ஆதாயம் 10 டெசிபல். சமிக்ஞை அளவியில் அது முழுதாக இரண்டு படிகூட இல்லை. ஆனால் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளின் எல்லையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது உயரம். சமதளத்தில் 2 மீட்டர் உயரக் கூரை ஆன்டெனா கொண்ட இரு ஊர்திகளுக்கிடையே வானொலித் தொடுவானம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். ஒரு முனை 100 மீட்டர் உயரக் குன்றின்மேல் இருந்தால் அதுவே ஏறத்தாழ 47 கிலோமீட்டர். இடையே கருங்கல் குன்று எழுந்துவிட்டாலோ, முதல் கணக்கு 12இலிருந்து ஓரிரு கிலோமீட்டராகச் சுருங்கவும் கூடும். கோலார் பகுதியில் குன்றுகளுக்குக் குறைவில்லை. ஆகவே வாட்டுக்குச் செலவிடும் பணத்தை ஆன்டெனாவுக்குச் செலவிடுவதே அறிவு.

பொருத்தும் முறையிலும் இதே கவனக்குறைவு. உலோக ஊர்திக்குள் அமர்ந்து, கைக்கருவியின் ரப்பர் ஆன்டெனாவை நம்புவது, வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுத் தெருவில் போவோரை அழைப்பதற்கு ஒப்பானது. 145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீள ஆன்டெனா ஏறத்தாழ அரை மீட்டர்தான். உலோகக் கூரையின் நடுவே நிறுத்தினால் சிறப்பாக வேலை செய்யும். கரடுமுரடான பாதைக்கான ஊர்திகள் பலவற்றின் கூரை கான்வாஸ் துணி அல்லது ஃபைபர். அவற்றுக்குத் தரைத்தளம் தேவைப்படாத அரை அலைநீள ஆன்டெனாவே பொருந்தும். 50 வாட் கருவி 10 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டத்தை இழுக்கும். சிகரெட் லைட்டர் துளையில் செருகி அதை ஓட்டுவது கூடாது. மின்கலத்திலிருந்து நேரடியாகக் கம்பி வர வேண்டும், மின்கலத்துக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். குலுங்கும் பாதையில் உரசித் தேய்ந்த கம்பி தீப்பிடித்தால், உதவிக்கு அழைக்கவிருந்த கருவியே உதவி தேவைப்படும் காரணமாகிவிடும்.

தொடுவானத்துக்கு அப்பால் பேச வேண்டுமெனில் 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற சிற்றலைகள் உண்டு. ஊர்தியில் நிமிர்ந்து நிற்கும் 2 மீட்டர்க் கம்பி அங்கே திறனற்றது. ஊர்தியை நிறுத்தி, இரு மரங்களுக்கிடையே 20 மீட்டர்க் கம்பியைத் தாழ்வாகக் கட்டினால், மேல்நோக்கிச் சென்று அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலை, குன்றுகளைத் தாண்டிச் சில நூறு கிலோமீட்டர் வட்டத்தில் இறங்கும். இதைச் செய்யக் கருவி போதாது. பழகிய கை வேண்டும்.

இனி உரிமம். ‘உரிமம் என்பது அரசுத் தாள், அவசரத்தில் யார் கேட்பார்கள்?’ என்ற வாதம் படித்தவர்களிடமிருந்தே வருகிறது. அமெச்சூர் வானொலி என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வரையறைப்படி, பண ஆதாயமின்றித் தற்பயிற்சிக்கும் தொழில்நுட்ப ஆய்வுக்குமாக உரிமம் பெற்றவர்கள் நடத்தும் சேவை. நிதி பெற்ற ஆய்வுத் திட்டத்தின் அன்றாட ஏற்பாடுகளை அதன்வழி நடத்துவது அந்த வரையறையோடு முரண்படுகிறது. மலிவான கைக்கருவிகள் பல, அமெச்சூர் அலைவரிசைக்கு வெளியேயும் தாராளமாக ஒலிபரப்புகின்றன. பழகாத விரல் ஒரு பொத்தானை மாற்றி அழுத்தினால் பிறருடைய அவசரச் செய்திக்கே இடையூறு நேரும். இத்தனைக்கும் இந்தியாவில் அந்தத் தேர்வை 12 வயது நிரம்பியவர் எழுதலாம். கட்டுப்பாட்டு நிலை உரிமத்துக்கு மோர்ஸ் தேர்வும் இல்லை. முனைவர் பட்டத்துக்கு ஐந்தாண்டு உழைப்பவர்களுக்கு இது பெருஞ்சுமை என்று சொல்வது நகைப்புக்குரியது.

2004 டிசம்பர் 26 அன்று அந்தமானில் நடந்தது இந்த வாதத்துக்கு முழு விடை. ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையிலான குழு, உரிய அனுமதியோடு போர்ட் பிளேரில் ஏற்கெனவே நிலையம் அமைத்து உலகோடு பேசிக்கொண்டிருந்தது. சுனாமி தாக்கி ஏனைய தொடர்புகள் அறுந்தபோது தீவுகளின் செய்திகளை அவர்கள் வெளியே கொண்டுசேர்த்தார்கள். அன்று உதவியது விலையுயர்ந்த கருவி அல்ல. முன்கூட்டிய அனுமதியும் பயிற்சியும், மறுமுனையில் காத்திருந்து கேட்ட காதுகளுமே.

‘கைப்பேசி இருக்கும்போது இவையெல்லாம் எதற்கு?’ என்பது கடைசி வாதம். கைப்பேசி கோபுரம் இருக்கும் இடத்தில் இவ்வாதம் சரி; அங்கே கைப்பேசியே சிறந்தது. ஆனால் கோபுரம் எட்டாத பள்ளங்களுக்காகத்தான் இந்த விவாதமே எழுந்தது.

இவ்விவாதத்தில் பேசப்படாத மனிதர் ஒருவர் இருக்கிறார்: ஊர்தியை ஓட்டுபவர். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பின், தலைமுறைகளாகச் சுரங்கத்தை நம்பியிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தம் ஊரிலேயே பிழைப்புத் தேட வேண்டியதாயிற்று. ஆய்வாளர்களுக்கு ஊர்தி ஓட்டுபவரும் வழிகாட்டுபவரும் பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்களே. ஒரே உரிமத்தாரான ஆய்வாளர் மயங்கி விழுந்தால், பயிற்சியற்ற ஓட்டுநரின் கையில் 50 வாட் கருவி வெறும் பெட்டி. அழிந்த சுரங்கத்தின் அநீதியை எழுத வருபவர்கள், உடன்வரும் உழைப்பாளியின் உயிரைக் கணக்கில் எடுக்காமல் வருவது எவ்வகை அறம்?

ஆகவே தேர்வின் வரிசை தலைகீழாக வேண்டும். அருகருகே செல்லும் இரு ஊர்திகளுக்கு, 2018 விதிகள் உரிமமின்றி அனுமதிக்கும் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைதிறன் கருவிகளே போதும். ஓட்டுநரும் சட்டப்படி பேசலாம். திட்டப் பணிக்குத் தொலைதூரத் தொடர்பு வேண்டுமெனில் பல்கலைக்கழகம் முறையான அனுமதியைப் பெறட்டும். அமெச்சூர் வானொலியை விரும்புவோர் ஊர்திக்கு இருவராவது தேர்வெழுதி உரிமம் பெறட்டும். ஓட்டுநரும் எழுத விரும்பினால் கட்டணத்தைத் திட்ட நிதி ஏற்கட்டும். குறித்த நேரத்தில் கேட்பதற்கு மறுமுனையில் ஒருவர் அமர்த்தப்படட்டும். இவை முடிந்த பின் விலையையும் வாட்டையும் பற்றிப் பேசலாம். அதற்கு முன் வாங்கப்படும் எந்தக் கருவியும் ஊர்தியின் முகப்பில் மின்னும் அலங்காரப் பொருளே.