ஆபீசுக்கு நாய் வரலாமா?

ஒரு லாரி கம்பெனி, ஒரு டிரைவர், ஒரு நாய்... கடைசியில் 47,500 டாலர்! அமெரிக்காவில் நடந்த சமாச்சாரம் இது.

வேலை கேட்டு வந்தவர் முன்னாள் படைவீரர். மனஅதிர்ச்சியால் தூக்கத்தில் கெட்ட கனவுகள். அப்போது எழுப்பி விடப் பழக்கிய நாய் அவரிடம் இருந்தது. "எங்கள் லாரியில் செல்லப்பிராணிக்கு இடமில்லை" என்று வேலை மறுத்ததாக, சம வேலைவாய்ப்பு ஆணையம் 2017-இல் சி.ஆர்.எஸ்.டி. கம்பெனி மீது வழக்குப் போட்டது. 2019-இல் அந்தத் தொகைக்குச் சமரசம் ஆனது.

"இப்படி விட்டால் நாளைக்கு எல்லோரும் பூனையோடு வருவார்களே?" என்கிறீர்களா? அதற்குத்தான் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும்.

கடை, ஹோட்டல் போன்ற இடங்களுக்கு 2011 முதல் விதி தெளிவு. குறிப்பிட்ட வேலைக்குப் பழக்கிய நாய்தான் சேவை விலங்கு. குட்டிக் குதிரைக்குத் தனி விதி. பக்கத்தில் இருந்தாலே ஆறுதல் என்கிற எமோஷனல் சப்போர்ட் விலங்குகள் இதில் வராது. ஆனால் வேலைவாய்ப்புப் பகுதியில் (15 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள், 15 பேரும் சேர்த்திதான்) அந்த வரையறையே கிடையாது. அதனால் ஊழியர் கேட்டால் உடனே சரி என்று சொல்லவும் வேண்டாம், உடனே முடியாது என்றும் சொல்லக்கூடாது. உட்கார்ந்து பேச வேண்டும்.

என் கருத்து இதுதான். "அது நாயா, பூனையா, சர்டிபிகேட் இருக்கா?" என்பது தப்பான கேள்வி. "இது இருந்தால் இவர் வேலையைச் செய்ய முடியுமா? வேறு வழி இருக்கா?" என்பதுதான் சரியான கேள்வி. வெளியே தெரியாத பிரச்சினை என்றால் டாக்டர் கடிதம் கேட்கலாம். சில வாரம் சோதனையாக அனுமதித்துப் பார்க்கலாம். குரைத்துக் கடித்து ரகளை செய்தால் வேண்டாம் என்று சொல்லலாம். பக்கத்து சீட்டுக்காரருக்கு அலர்ஜியா? அவர் கஷ்டமும் நிஜம்தான். இருவரையும் வேறு வேறு அறையில் உட்கார வைத்தால் போச்சு.

இன்னொரு விஷயம். இணையத்தில் பணம் கட்டினால் கிடைக்கும் 'சர்டிபிகேட்'டுகளுக்குச் சட்டத்தில் மதிப்பே இல்லை. பொய்யாகக் கேட்பவர்களால் நிஜமாகத் தேவைப்படுபவர்தான் அடி வாங்குகிறார். விமானங்களில் அதுதான் நடந்தது. எமோஷனல் சப்போர்ட் விலங்குகளைச் சாதாரண செல்லப்பிராணியாகவே நடத்தலாம் என்று 2021-இல் விதி மாறிவிட்டது.

காமர்ஸ் படிக்கிறவன், கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மேஜைக்குக் கீழே கொஞ்சம் இடம், ஒரு கிண்ணம் தண்ணீர், அரைமணி நேரப் பேச்சு. இது ஒரு பக்கம். நல்ல ஊழியரை இழப்பது, வக்கீல் பீஸ், நஷ்டஈடு. இது மறுபக்கம். பாலன்ஸ் ஷீட் போட்டுப் பாருங்கள் மக்களே!

நாளைக்கு எச்.ஆர். நாற்காலியில் உட்காரப் போவது நம்மில் சிலர்தான். அன்றைக்கு "முடியாது" என்று சொல்லும் முன் ஒரு கேள்வியாவது கேட்போமா?