அலையின் உயரமும் ஒலியின் உயரமும்

இசைக்கவைகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டி ஒலிவாங்கியின் முன் பிடிப்போம். அதனோடு இணைத்த அலைவுகாட்டியின் திரையில் ஒவ்வொன்றும் ஒரு நெளிகோட்டை வரைகின்றது. முதலாவது கோடு நெடிதுயர்ந்து தாழ்கின்றது. இரண்டாவது தாழ்ந்து, நெருங்கி நெளிகின்றது. சுருதி கூடியது எது என வினவின், உயர்ந்த கோட்டைச் சுட்டும் மாணவர் பலர். அவர்களை ஏமாற்றுவது நம் மொழியே. உயர்ந்த சுருதி என்றும் மேல்ஸ்தாயி என்றும் சொல்லிப் பழகிவிட்டோம் அல்லவா? கோட்டின் உயரம் காட்டுவது ஒலியின் உரப்பை. சுருதியை அறியக் கண்ணை இடமிருந்து வலமாக ஓடவிடல் வேண்டும்.

ஒரு முடியிலிருந்து அடுத்த முடிவரை உள்ளது ஓர் அலை. முடியிலிருந்து தாழிவரை எண்ணி நிறுத்துவோருக்கு விடை இருமடங்காகப் பிழைக்கும். அலை கொள்ளும் கட்டங்களை, ஒரு கட்டத்துக்குரிய காலத்தாற் பெருக்க வருவது ஆவர்த்தன காலம். செக்கன் ஒன்றை அக்காலத்தால் வகுக்க மீடிறன் கிடைக்கும். 4 மில்லிசெக்கன் எனின் செக்கனுக்கு 250 அதிர்வுகள். 2 மில்லிசெக்கன் எனின் 500. காலம் பாதியாக, ஒலி ஒரு ஸ்தாயி ஏறுகின்றது. தந்தியைச் சரிபாதியில் அழுத்தி மீட்டும் வீணைக்காரர் இதனை நன்கறிவர்.

கட்டங்களை மட்டும் ஒப்பிடுதல், இரண்டும் ஒரே கால அளவில் வரையப்பட்டிருந்தாலன்றித் தகாது. கட்டத்துக்கு அரை மில்லிசெக்கன் வைத்து 4 கட்டம் கொண்ட அலையும், 2 மில்லிசெக்கன் வைத்து 2 கட்டம் கொண்ட அலையும் திரையிலிருக்கட்டும். அகன்று தோன்றும் முன்னதே 500. நெருங்கித் தோன்றும் பின்னது 250! வினாத்தாள் ஆக்குவோருக்கு உவப்பான இடம் இது.

கதோட்டுக்கதிர்க் குழாயை ஜேர்மன் அறிஞர் பேர்டினண்ட் பிறவுண் 1897இல் அமைத்தார். இன்று கைத்தொலைபேசியே அலைவுகாட்டியாகிவிடுகின்றது. ஆயினும் அளப்பது நம் கண்தானே. 512 அதிர்வுடைய இசைக்கவையின் ஓரலை, கட்டத்துக்கு ஒரு மில்லிசெக்கன் வைத்தால், 1.95 கட்டமளவு வரும். கண் கட்டத்தின் பத்திலொன்று தவறினும் ஏறத்தாழ 26 அதிர்வுகள் பிழைத்துவிடும். ஐந்து அலைகளைச் சேர்த்து அளந்து ஐந்தால் வகுத்தால், அதே தவறு 5 அதிர்வுகளாகச் சுருங்கும்.

அதற்கும் குறைந்த வேறுபாட்டைத் திரையில் இவ்வாறு பிரித்தறிதல் அரிது. 512, 508 ஆகிய இரண்டையும் ஒருங்கே ஒலிக்கச் செய்யுங்கள்: செக்கனுக்கு நான்கு முறை ஒலி பெருகித் தேய்வதைக் காது தானே எண்ணிவிடும்.