ஆடிக் காற்றைப் போட்டு வைக்க முடியுமா?



எங்கள் ஊர் புளியங்குடி. அப்பா எலுமிச்சைச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். வரத்து கூடினால் விலை விழும். அழுகுகிற சரக்கு, வந்த விலைக்குத் தள்ள வேண்டியதுதான். "போட்டு வைக்க வழியிருந்தா இப்படிக் குடுப்பமால?" என்பார்.

காற்றாலைக்கும் அதே கதைதான். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று பேயாக அடிக்கும். அவ்வளவு மின்சாரத்தையும் எடுத்துக்கொள்ள வழியில்லாமல் சில நேரம் காற்றாலையை நிறுத்தச் சொல்கிறார்கள்.

போட்டு வைக்க ஒரு வழி, திட ஆக்சைடு எரிபொருள் கலம். மிச்ச மின்சாரத்தை நீராவி உள்ள கலத்தில் செலுத்தினால் ஹைட்ரஜன் கிடைக்கும். வேண்டும்போது அதே கலத்தில் ஹைட்ரஜனையும் காற்றையும் விட்டால் மின்சாரம் திரும்பி வரும். கழிவு வெறும் தண்ணீர். போட்டதெல்லாம் முழுசாகத் திரும்பாது, உண்மைதான். வீணாய்ப் போவதற்கு இது எவ்வளவோ மேல்!

இந்தக் கலத்தில் காற்றுப் பக்கத்து மின்வாய்தான் பெராவ்ஸ்கைட் ஆக்சைடு. 1839-ல் யூரல் மலையில் கண்ட கால்சியம் டைட்டனேட் கனிமத்துக்கு வைத்த பெயர், இன்று ஒரு குடும்பத்துக்கே ஆகிவிட்டது. ஒரு பெரிய அணு, ஒரு சின்ன அணு, மூன்று ஆக்சிஜன். அணுக்களில் சிலவற்றை எடுத்துவிட்டு வேறு வைத்தாலும் கட்டடம் நிற்கும், குணம்தான் மாறும். லாந்தனம் மாங்கனைட்டில் கொஞ்சம் ஸ்ட்ரான்சியம் சேர்த்தால் மின்சாரம் நன்றாகப் பாயும். பிளாட்டினம் தேவையில்லை.

இதில் நம்ம பக்கத்து ஆள் ஒருவர் இருக்கிறார். ஆறுமுகம் மந்திரம், பழைய திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமத்தில் 1951-ல் பிறந்தவர். மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் வாங்கி, அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். லித்தியம் பேட்டரிக்காக 2019-ல் 97 வயதில் நோபல் பரிசு பெற்ற குட்எனஃப்புக்குப் பதிலாக ஸ்டாக்ஹோமில் உரை நிகழ்த்தியவர் இவரே. கோபால்ட் கலந்த பெராவ்ஸ்கைட் மின்வாய்களையும் ஆராய்ந்திருக்கிறார். கோபால்ட் நன்றாக வேலை செய்யும். ஆனால் சூட்டில் அதிகம் விரிந்து பக்கத்துப் பீங்கானை விட்டுக் கழன்றுவிடும். அதுதான் தலைவலி.

"இதெல்லாம் பி.எச்.டி.க்காரன் சமாச்சாரம், டிப்ளமோவுக்கு எதுக்கு?" என்று கேட்டான் ஒரு நண்பன். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பொடிகளை நிறுத்து, அரைத்து, ஆயிரம் டிகிரி வாக்கில் சுட்டு, மறுபடி அரைத்து, வில்லையாக அழுத்தி, மறுபடி சுடவேண்டும். சூட்டைச் சீராகப் பிடிக்கணும், வாயுக் கசிவை அடைக்கணும், கம்பி இணைக்கணும். இதெல்லாம் கைவேலை இல்லாமல் வேறென்ன? பாடத்தில் மின்கலம் என்றால் இன்னும் ஈய அமில பேட்டரியோடு நின்றுவிடுகிறோம். நம் ஆய்வகச் சூளையோ காயில் போய் மூலையில் கிடக்கிறது. மூட்டை தூக்கிப் படிக்க வைக்கிற அப்பாவுக்கு அந்தக் காயிலைக் காட்டவா முடியும்?

சங்கப் பொறுப்பாளர்களுக்கு இரண்டு கோரிக்கை. காயிலை மாற்ற முதல்வரிடம் மனு கொடுங்கள்; முதல் கையெழுத்து என்னுடையது. வருஷா வருஷம் கொடைக்கானல் போகிற பஸ்ஸை இந்த ஒரு தடவை காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்குத் திருப்புங்கள். படகுச் சவாரி அடுத்த வருஷமும் இருக்கும்.

– இரண்டாம் ஆண்டு மின்னியல் மாணவன், புளியங்குடி