நூறு வயது சபாவுக்குப் பாராட்டு மட்டும் போதுமா?

திருச்சி ரசிக ரஞ்சன சபா 1914-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. நூறு வயதைத் தாண்டிவிட்டது.

ஒரு சங்கீத சபாவை நூறு ஆண்டு நடத்துவது லேசான காரியமா? சந்தா வசூலிக்க வீடு வீடாக ஏறி இறங்க வேண்டும். வித்வானுக்குப் பேசிய பணத்தைக் கொடுக்க வேண்டும். மழை பெய்து கூட்டம் வராமல் போனாலும் கொடுத்துத்தான் ஆக வேண்டும்!

இப்படிப்பட்ட சபாக்கள் நூறு ஆண்டு கண்டால் சட்டசபை பாராட்ட வேண்டும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால், பாராட்டோடு நிறுத்திவிடக் கூடாது.

லோகிதாசன் வேடம்

திருச்சி சபாவைத் தொடங்கியவர் எப்.ஜி.நடேச அய்யர். ரெயில்வே அதிகாரி. நாடகப் பிரியர்.

திருச்சியில் பொற்கொல்லர் வீட்டுச் சிறுவன் ஒருவன் நன்றாகப் பாடினான். நடேச அய்யர் அவனை அழைத்தார். "அரிச்சந்திரா" நாடகத்தில் லோகிதாசன் வேடம் கொடுத்தார்.

அந்தச் சிறுவன் யார் தெரியுமா? எம்.கே.தியாகராஜ பாகவதர்! 1944-ல் வெளிவந்த அவருடைய "ஹரிதாஸ்" படம் சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

ஊரில் ஒரு சபா இருந்தது. அதனால் ஓர் எளிய வீட்டுப் பிள்ளையின் குரல் நாட்டுக்குக் கிடைத்தது.

தீர்மானமும் சட்டமும்

அமெரிக்காவில் ஒரு வழக்கம் உண்டு. ஊர்ச் சங்கங்களின் ஆண்டு விழாவைப் பாராட்டி, மாநிலச் சட்டசபைகள் தீர்மானம் போடும். இசைச் சங்கங்களும் இந்த மரியாதையைப் பெறுகின்றன.

அந்த நாட்டில் "அறை இசை" என்று ஒன்று இருக்கிறது. பெரிய வாத்தியக் கோஷ்டி இல்லை. நாலைந்து பேர் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து வாசிப்பார்கள். வெர்மான்ட் மாநிலத்தில் மார்ல்பரோ என்ற சிற்றூரில் 1951 முதல் கோடைக் காலத்தில் இது நடந்து வருகிறது. நம் கச்சேரியும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு பாட்டு, ஒரு வயலின், ஒரு மிருதங்கம், ஒரு தம்புரா. முடிந்தது!

தீர்மானம் என்பது வாழ்த்து. அதனால் யாருக்கும் செலவு இல்லை. சட்டம் அப்படி அல்ல. சட்டம் வந்தால் பணமும் பொறுப்பும் சேர்ந்து வரும்.

சென்னை கலாக்ஷேத்திரத்தைப் பாருங்கள். ருக்மிணி தேவி 1936-ல் தொடங்கிய நிலையம் அது. அவர் 1986-ல் மறைந்தார். பிறகு பாராளுமன்றம் 1993-ம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிலையமாக அறிவித்தது.

அதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. நிர்வாகக் குழுவின் தலைவரை நியமிப்பது மத்திய அரசு. பணம் வரும் வழியில் அதிகாரமும் வருகிறது. எல்லா சபாவுக்கும் இது ஒத்துவராது. ரசிகர்களின் சந்தாவில் வளர்ந்த சபா, ரசிகர்கள் கையிலேயே இருப்பதுதான் நல்லது.

வையம்பட்டிக்கு என்ன லாபம்?

அப்படியானால் வேறு என்ன வழி?

திருச்சியில் இருந்து வையம்பட்டி ஏறக்குறைய 50 கிலோமீட்டர். மணப்பாறையைத் தாண்டிப் போக வேண்டும். அங்கே உள்ள ஒரு குடும்பம் திருச்சிக்கோ ஸ்ரீரங்கத்துக்கோ வந்து ராத்திரிக் கச்சேரி கேட்டுவிட்டுத் திரும்ப முடியுமா? மறுநாள் காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டாமா?

ஆகவே, சபாவைப் பாராட்டும் தீர்மானத்தில் இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும். வையம்பட்டி போன்ற ஊர்ப் பள்ளிகளுக்கு வாரம் ஒரு நாள் பாட்டு வாத்தியார் அனுப்ப வேண்டும். ஆளைச் சபா தேர்ந்தெடுக்கட்டும். சம்பளத்தை அரசு கொடுக்கட்டும். திருச்சி மாவட்டத்தில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. அங்கே படித்து வெளிவரும் இளைஞர்களுக்கு இதனால் வேலையும் கிடைக்கும்.

வருஷத்துக்கு ஒரு கச்சேரியையும் அந்த ஊரிலேயே வைக்கலாம். மேடை வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். பள்ளிக்கூடத்தில் ஓர் அறை போதும். பாயை விரித்து உட்கார்ந்தால், பாடுகிறவர் மூச்சு விடுவதுகூடக் குழந்தைகளுக்குக் கேட்கும்.

வையம்பட்டி, மணப்பாறைத் தொகுதியைச் சேர்ந்தது. அந்தத் தொகுதியின் உறுப்பினர் சட்டசபையில் இதைக் கேட்கலாம். எந்தக் கட்சியாக இருந்தால் என்ன?