சிறுகல்லில் ஒரு நகரம்

நுழையும்முன்

விளையாட்டுப் பொருள் ஒன்று கையில் கிடைத்ததும் இருவகையாக அதனைப் பயன்படுத்தலாம். பெட்டியின்மீது அச்சிட்ட படத்தைப் போலவே செய்து முடிப்பது ஒருவகை. படத்தில் இல்லாத ஒன்றைத் தானே எண்ணிச் செய்வது மற்றொரு வகை. இரண்டாம் வகையே கல்வியோடு நெருங்கிய உறவுடையது. பொம்மைச் செங்கற்களைக் கொண்டு ஆர்வலர்கள் உருவாக்கும் மாதிரிகளை முன்வைத்துப் புதுச்சேரி நகரத்தின் வீடுகளையும் தெருக்களையும் உற்றுநோக்க அழைக்கிறது இக்கட்டுரை.

சிற்றில் கட்டிய மரபு

மணலைக் குவித்து வீடு கட்டி விளையாடுவது தமிழ்ச் சிறாருக்குப் பழங்காலந்தொட்டே பழகிய ஒன்று. அவ்விளையாட்டு வீட்டைச் ‘சிற்றில்’ என்று நம் முன்னோர் அழைத்தனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் சிற்றில் சிதைத்தலும் ஒன்றாக அமைந்துள்ளது. தாம் அரும்பாடுபட்டுக் கட்டிய சிற்றிலைக் கலைக்க வேண்டா என ஆயர் சிறுமியர் கண்ணனிடம் வேண்டுவதை நாச்சியார் திருமொழியின் இரண்டாம் திருமொழி பாடுகிறது. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் உருட்டிய மூன்று கால் சிறுதேரைப் பட்டினப்பாலை காட்டுகிறது. கீழடி அகழாய்விலோ சுடுமண்ணால் ஆன ஆட்டக்காய்களும் வட்டச்சில்லுகளும் கிடைத்துள்ளன.

இவற்றுள் சிற்றில் தனித்தன்மை உடையது. அதற்கு வரைபடம் இல்லை. செய்முறைக் கையேடு இல்லை. சிறுமியர் தாம் வாழ்ந்த வீட்டைப் பார்த்தனர். அதனைத் தம் கைக்கு அடங்கும் அளவில் மீண்டும் கட்டினர். கண்டதை அளந்து, சுருக்கி, கையால் மறுபடியும் ஆக்குதல் என்னும் இச்செயலே மாதிரி அமைத்தலின் அடிப்படை. இன்று உலகெங்கும் பொம்மைச் செங்கற்களைக் கொண்டு ஆர்வலர் செய்துவருவதும் இதுவே.

பூட்டிக்கொள்ளும் கல்

டென்மார்க் நாட்டின் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்னும் தச்சர் 1932இல் மரப்பொம்மைகள் செய்யத் தொடங்கினார். ‘நன்றாக விளையாடு’ என்று பொருள்படும் டேனிய மொழித் தொடரைச் சுருக்கி 1934இல் தம் நிறுவனத்திற்கு ‘லெகோ’ எனப் பெயரிட்டார். மேற்புறத்தில் குமிழ்களும் உட்புறத்தில் குழல்களும் கொண்டு ஒன்றையொன்று இறுகப் பற்றும் செங்கல்லுக்கு 1958 சனவரி 28ஆம் நாள் காப்புரிமை கோரப்பட்டது. அன்று வார்த்த கல்லும் இன்று வார்க்கும் கல்லும் ஒன்றோடொன்று பொருந்தும். பாட்டனின் பெட்டியிலிருந்து எடுத்த கல்லைப் பேரன் தன் கட்டடத்தில் வைக்கலாம்.

இக்கல்லின் ஆற்றல் அதன் எளிமையில் உள்ளது. பசை வேண்டா, ஆணி வேண்டா, பிடிக்கவில்லையெனில் பிரித்துவிடலாம். தவறு செய்வதற்கு அஞ்சாத மனநிலையை அது தருகிறது. தாளில் எழுதிய விடையை அடித்துத் திருத்தினால் கறை தெரியும். கல்லைப் பிரித்து மீண்டும் அடுக்கினாலோ முன்பு செய்த பிழையின் சுவடும் எஞ்சாது. கற்போருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் அரிது.

தெரியுமா?

எட்டுக் குமிழ்கள் கொண்ட ஒரே நிறக் கற்கள் இரண்டை 24 வகைகளில் இணைக்கலாம். மூன்று கற்களாயின் 1,060 வகைகள். ஆறு கற்களாயின் 91,51,03,765 வகைகள்.

கையேட்டைக் கடந்தவர்கள்

கடையில் விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் செய்முறைக் கையேடு இருக்கும். முதற்படி, இரண்டாம்படி எனப் பின்பற்றினால் படத்தில் உள்ள பொருள் உருவாகும். அதனோடு நின்றுவிடுவோர் பலர். கையேட்டை மூடிவைத்துவிட்டுத் தம் எண்ணத்தைக் கட்டத் தொடங்குவோர் சிலர். அச்சிலர்தாம் இக்கல்லின் வரலாற்றை மாற்றினர்.

சிகாகோவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் ஆடம் ரீட் டக்கர் உலகின் புகழ்பெற்ற வானளாவிகளைச் சிறுகற்களால் தாமே கட்டிப் பார்த்தார். அவர் செய்த மாதிரிகளின் வழியே 2008இல் கட்டடக்கலை வரிசை என்னும் புதிய பிரிவையே அந்நிறுவனம் தொடங்கியது. புவிவேதியியல் அறிஞர் எலன் கூய்மன், ஆய்வுக்கூடத்தில் பணிபுரியும் பெண் அறிவியலாளர்களைச் சிறு உருவங்களாக வடிவமைத்தார். பொம்மை உலகில் பெண் அறிவியலாளர் அரிதாக இருந்த காலம் அது. ஓர் ஆர்வலரின் வடிவத்திற்குப் பத்தாயிரம் பேர் ஆதரவு தெரிவித்தால் அந்நிறுவனம் அதனைப் பரிசீலிக்கும் என்பது ஏற்பாடு. அவ்வாறு தேர்வாகி 2014இல் அவ்வடிவம் விற்பனைக்கு வந்தது. தன்னைப் போன்ற ஒருத்தியைப் பொம்மையில் காணாத பெண், அக்குறையைத் தானே கட்டி நிறைத்தாள் என்பதே இந்நிகழ்வின் சிறப்பு.

ஒரு பொருளுக்கு எதிர்பாராத பயனைக் காண்பதும் ஆர்வலர் வளர்த்த கலையே. 2021இல் வெளிவந்த குறுமரப் பொம்மையின் இளஞ்சிவப்புப் பூக்களை உற்றுப்பார்த்தால் அவை பூக்கள் அல்ல, சிறு தவளைகள் என்பது புலப்படும். தவளையில் பூவைக் காணும் கண்ணுக்குப் பெயர்தான் கற்பனை. இருப்பதைக் கொண்டு இல்லாததை ஆக்கும் இத்திறன், பின்னாளில் மருத்துவராகவோ பொறியாளராகவோ வேளாண் தொழிலராகவோ ஆகப்போகும் எவருக்கும் வேண்டப்படுவது.

கட்டப்பட்டும் இடிந்தும் எழுந்த நகர்

இக்கலைக்கு ஏற்ற நகரம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் புதுச்சேரியை முதலில் சுட்டலாம். ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டும் இதன் தெருக்களின் கட்டமைப்புக்கு, 1693 முதல் 1699 வரை இந்நகரைத் தம் வசம் வைத்திருந்த டச்சுக்காரர் வித்திட்டனர். 1761இல் நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அதனை இடித்துத் தரைமட்டமாக்கினர். சில ஆண்டுகளில் பிரெஞ்சுக்காரர் திரும்பிவந்தபோது அதே கட்டங்களின்மீதே நகரம் மீண்டும் எழுந்தது. கட்டுவதும் கலைவதும் மீண்டும் கட்டுவதும் இந்நகருக்குப் புதியன அல்ல. நகரை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்தபோது, உரோமானியருடன் வணிகம் நிகழ்ந்த காலத்துச் செங்கற் கட்டுமானங்கள் வெளிப்பட்டன. செங்கல்லின் கதை இம்மண்ணில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு நீளமுடையது.

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலை ஒட்டி, பிரெஞ்சுப் பகுதி. அங்கே வீடுகள் உயர்ந்த மதிலுக்குள் அடங்கியிருக்கும். வளைவான வாயிலைத் திறந்தால்தான் உள்ளிருக்கும் தோட்டம் தெரியும். வாய்க்காலுக்கு மேற்கே தமிழ்ப் பகுதி. அங்கே வீடு தெருவை நோக்கித் திறந்திருக்கும். தூண்கள் தாங்கும் தாழ்வாரமும் திண்ணையும் வழிப்போக்கருக்கு நிழல் தரும். உள்ளே முற்றத்தில் வெயிலும் மழையும் இறங்கும். இரண்டு பண்பாடுகளும் ஒரே வீட்டில் கலந்ததும் உண்டு. துபாஷியாகவும் நாட்குறிப்பாளராகவும் விளங்கிய ஆனந்தரங்கர் 1738இல் எழுப்பிய மாளிகையின் கீழ்த்தளம் மரத்தூண்களோடு தமிழ் மரபிலும், மேல்தளம் சுதைத்தூண்களோடு பிரெஞ்சு மரபிலும் அமைந்திருக்கக் காணலாம்.

இத்தகைய மரபு வீடுகள் இன்று குறைந்துவருகின்றன. முன்பு பட்டியலிடப்பட்ட மரபுக் கட்டடங்களுள் நூற்றுக்கணக்கானவை இப்போது இல்லை. இடிப்பவரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. பேணுவதற்குப் பணம் வேண்டும். பங்காளிகளிடையே வீட்டைப் பிரிக்க வேண்டிய நிலையும் உண்டு. சுண்ணாம்புக் காரை பூசத் தெரிந்த கைவினைஞரும் அருகிவிட்டனர். கடற்கரைச் சாலையில், மக்கள் ‘மேரி’ என அழைத்த பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் இறுதியில் பெய்த மழையில் சரிந்து விழுந்தது. அதே இடத்தில் அதே தோற்றத்தில் அது மீண்டும் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. முன்னிருந்த வடிவம் அறியப்பட்டிருந்தமையால்தான் அது இயன்றது. யாரும் அளக்காத, யாரும் வரையாத ஒரு திண்ணை வீடு சரிந்தால் அதனை எப்படி மீட்பது?

உற்றுநோக்கும் கல்வி

இங்கேதான் சிறுகல் நமக்கு உதவுகிறது என்பது என் கருத்து. ஒரு வீட்டைப் பார்ப்பது வேறு. அதன் மாதிரியைக் கட்டும் நோக்கோடு பார்ப்பது வேறு. நாள்தோறும் கடந்துசெல்லும் வீட்டின் முன்தாழ்வாரத்தில் எத்தனை தூண்கள் எனக் கேட்டால் நம்முள் பலருக்கு விடை தெரியாது. மாதிரி கட்டத் தொடங்கிய மாணவர் அதனை எண்ணியே ஆகவேண்டும். திண்ணை தரையிலிருந்து எவ்வளவு உயரம், தூணுக்கும் தூணுக்கும் இடைவெளி எவ்வளவு, முற்றத்து மழைநீர் எவ்வழியாக வெளியேறுகிறது என்ற வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். அவற்றுக்கு விடை தேடும்போது கணக்கும் இயற்பியலும் வரலாறும் தாமே வந்து சேர்கின்றன.

மேல்தளத்தைக் கட்ட முற்படும்போது மற்றுமொரு வினா எழும். சிமெண்டும் இரும்பும் இல்லாத காலத்தில் தட்டையான மாடி எவ்வாறு நின்றது? ‘மெட்ராஸ் டெரஸ்’ எனப்படும் கூரையில் மரக்கட்டைகளை நெருக்கமாக இட்டு, அவற்றின்மீது சிறிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையால் பிணைத்தனர் என்பதை மாணவர் அறிவார். சதுரக் கற்களால் வளைவான வாயிலை ஆக்க முயன்று தோற்றபின்தான், உண்மையான வளைவில் ஒவ்வொரு கல்லும் தன் எடையைப் பக்கத்துக் கல்லின்மீது சாய்த்து நிற்கும் நுட்பம் விளங்கும். பாடநூலில் ஒரு வரியில் கடந்துபோகும் செய்தி, கை தடுமாறும்போது அறிவாகிறது.

மூன்று மறுப்புகள்

இக்கருத்துக்கு மறுப்புகள் எழக்கூடும். பொம்மைச் செங்கற்கள் விலை மிகுந்தவை என்பது முதல் மறுப்பு. அது உண்மையே. ஆயினும் கருத்து கல்லில் இல்லை, கட்டுவதில் உள்ளது. தீக்குச்சிகளையும் மிதிவண்டியின் வால்வுக் குழாயையும் இணைத்து வடிவியல் உருவங்களைச் செய்யக் குழந்தைகளுக்குக் கற்றுத்தந்தவர் அரவிந்த் குப்தா. எறிபொருள்களைப் பொம்மைகளாக்கிய அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. புதுச்சேரிக்கோ கைக்கெட்டும் தொலைவில் வில்லியனூர்க் களிமண்ணும் திருக்கனூர்க் காகிதக்கூழும் உள்ளன. இவ்விரு கைவினைகளும் புவிசார் குறியீடு பெற்றவை. வில்லியனூர்ச் சுடுமண் கலையில் தேர்ந்த வி.கே. முனுசாமி 2020இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். களிமண்ணைச் சிறுசிறு கற்களாக அறுத்துக் காயவைத்தால் அதுவும் கட்டுமானப் பொருளே.

நெகிழிப் பொருளைப் பரிந்துரைக்கலாமா என்பது இரண்டாம் மறுப்பு. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழியையும் தலைமுறை கடந்தும் பொருந்தும் கல்லையும் ஒன்றாகக் கருதுதல் பொருந்தாது. எனினும் புதியதாக வாங்குவதைவிட, வீட்டில் ஓய்ந்துகிடக்கும் கற்களைப் பள்ளிக்குத் தந்து பொதுவில் பயன்படுத்துவதே நன்று. ஒரு மாணவரிடம் ஐம்பது கல் இருந்தால் ஒரு சுவர். நாற்பது மாணவரிடம் இருந்தால் ஒரு தெரு.

மேனிலை வகுப்பினருக்கு விளையாட ஏது நேரம் என்பது மூன்றாம் மறுப்பு. இதுவே நாம் மிகவும் எண்ணிப்பார்க்க வேண்டியது. செயல்திட்டம் ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முன்தினம், கடையில் ஆயத்தமாக விற்கும் தெர்மாகோல் மாதிரியை வாங்கி, அதன்மீது தம் பெயரை ஒட்டிக் கொண்டுவரும் வழக்கம் பரவியுள்ளது. பணமும் செலவாகிறது, கற்றலும் நிகழ்வதில்லை. மதிப்பெண் கிடைத்த மறுநாள் அம்மாதிரி குப்பைக்குச் செல்கிறது. நேரம் இல்லை என்று கூறி நாம் மிச்சப்படுத்தியது நேரத்தை அன்று. சிந்திக்கும் வாய்ப்பையே இழந்தோம். நவராத்திரிக் கொலுவின் அருகே மணலும் முளைப்பாரியும் கொண்டு பூங்கா அமைக்கும் சிறுவர், அதில் பொம்மைக் கற்களால் பாலம் கட்டும்போது யாரும் அவர்களுக்கு மதிப்பெண் தருவதில்லை. ஆயினும் அவர்கள் இரவுவரை அமர்ந்து கட்டுகின்றனர். அந்த ஆர்வத்தைப் பள்ளி வாயிலில் விட்டுவிட்டு வரச்செய்வது நம் குறையே.

ஆண்டுக்கு ஒரு வீடு

செய்யத்தக்கது எளிது. ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுக்கு ஒரு மரபு வீட்டைத் தேர்ந்தெடுக்கலாம். வீட்டாரின் இசைவு பெற்று, மாணவர் அதனை நாடாவால் அளக்கலாம், படம் வரையலாம், அவ்வீட்டு முதியோரிடம் அதன் கதையைக் கேட்டு எழுதலாம், பின்னர் எல்லோரும் கூடி மாதிரியைக் கட்டலாம். வைசியாள் வீதியின் முகப்புகளை மீட்டமைத்த பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. வல்லுநரும் அரசும் வீட்டு உரிமையாளரும் கைகோத்தால் ஒரு தெருவை மீட்கலாம் என்பதற்கு அது சான்று. அக்கூட்டணியில் மாணவருக்கும் ஓர் இடம் உண்டு. அவர்கள் கட்டும் மாதிரி எந்த வீட்டையும் தாங்கிப்பிடிக்காது. ஆனால் அவ்வீட்டை அறிந்த நாற்பது பேரை ஆண்டுதோறும் உருவாக்கும். ஒரு வீட்டின் தூண்களை எண்ணியவர், நாளை அது இடிபடும்போது வாளாவிருக்கமாட்டார்.

பெட்டியில் வரும் கையேடு பிறர் எண்ணியதைச் செய்யக் கற்றுத்தரும். அதுவும் தேவைதான், அதனோடு கல்வி முடிந்துவிடுவதில்லை. நம் தெருவுக்குக் கையேடு எவரும் அச்சிட்டுத் தரப்போவதில்லை. அதனை நாமே பார்த்து, அளந்து, எழுதவேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் உள்ள பழைமையான வீடு ஒன்றின் முகப்பை அளந்து, படம் வரைந்து, கிடைக்கும் பொருள்களைக் கொண்டு குழுவாக மாதிரி அமைக்க.

2. ‘ஆயத்தமாக விற்கும் செயல்திட்டங்கள் கற்றலுக்குத் துணைபுரிகின்றனவா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.