மண்ணின் நிறத்தில் ஒரு முகம்



பாளையங்கோட்டையில் நம் சபைத் தம்பி ஒருவர் தம் பாட்டியின் முகத்தை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிவருகிறார். தாமிரபரணிப் பாசன வயல்களில் நாற்று நட்டுக் கறுத்த முகம். சென்ற வாரம் வீடு சந்திக்கப் போனபோது அவருடைய வண்ணத்தட்டில் நான்கே நிறங்களைக் கண்டேன்: வெள்ளை, மஞ்சட்காவி, சிவப்பு, கறுப்பு. சுவீடன் நாட்டு ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) பெயரால் வழங்கும் முறையாம். நீலம் எங்கே என்றேன். கறுப்பில் சிறிது வெள்ளையைக் குழைத்துக் காவிக்கு அருகே வைத்தார், நீலமாகவே தோன்றிற்று. கறுப்பில் காவியைச் சேர்த்தார். சேலையின் பச்சை பிறந்தது.

வீட்டாருக்குத்தான் திருப்தியில்லை. “கொஞ்சம் வெளுப்பாப் போடச் சொல்லுங்க ஐயா, வீட்டுக்கு வாறவங்க பாப்பாங்கல்லா” என்றார் மருமகள்.

தம்பி இணங்கவில்லை. அவர் செய்தது சரியென்றே கருதுகிறேன். கறுத்த முகத்தில் எங்கும் வெள்ளையைக் கலந்தால் அது வெளுப்பதில்லை. சாம்பல் பூசியதுபோல் உயிரிழக்கிறது. நிழலை மெல்லிய பூச்சாக விட்டு, நெற்றியிலும் கன்ன எலும்பிலும் மூக்கு நுனியிலும் ஒளி விழும் இடத்தில் மட்டும் வெள்ளையைக் கனமாக வைக்கவேண்டும். வெளுத்த தோலைவிடக் கறுத்த தோலில் அவ்வொளி துலக்கமாகத் தெரியும். 2021-இல் கொரோனாவால் மறைந்த ஓவியர் இளையராஜாவின் கிராமத்துப் பெண்களைப் பார்த்தவர்கள் இதை அறிவார்கள்.

நம் வீடுகளில் தொங்கும் இயேசுவின் படங்களில் பல, வார்னர் சால்மன் 1940-இல் அமெரிக்காவில் தீட்டியதன் நகலோ சாயலோதான். கழற்றிவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். என் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்துப் பார்த்துப் பரிசுத்தத்தையும் வெண்ணிறத்தையும் ஒன்றாக்கிவிட்டோமோ? மணமகள் தேவை அறிவிப்பில் ‘விசுவாசமுள்ள’ என்பதற்கு அடுத்தே ‘சிவந்த நிறமுள்ள’ என்றெழுத நமக்குக் கை கூசுவதில்லை. உன்னதப்பாட்டின் மணவாட்டியோ முதல் அதிகாரத்திலேயே தன் கருமையையும் அழகையும் ஒரே மூச்சில் சொல்லுகிறாள்.

ஆதியாகமம் 2:7-ஐ எபிரெயத்தில் வாசிப்பவர்களுக்கு மனிதன் ‘ஆதாம்’, மண் ‘அதாமா’. மஞ்சட்காவி என்பதும் மண்தான். அதற்கு நிறம் தருவது இரும்பு. திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலைச் சிவக்கவைப்பதும் அதே இரும்பு. நம் முகங்களை எழுத இதைவிடப் பொருத்தமான வண்ணம் கடையில் கிடைக்குமா என்ன?

இவ்வளவு பேச்சிலும் பாட்டியம்மாவை எவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இன்னும் ஈரம் உலராத படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“எங்க அம்மை மாதிரில்லா இருக்கு” என்றார்.