உலர்ந்துபோன அட்டைகள்

காட்டு ஆராய்ச்சிக்கான அனுமதிப் பத்திரங்களில் கையெழுத்திடும் உயர் அதிகாரி அவர்களுக்கு,

தங்கள் பெயருக்கே எழுதிய விண்ணப்பங்களுக்கும், பின்னர் பதிவுத் தபாலில் அனுப்பிய நினைவூட்டல்களுக்கும் ஒரு வரி மறுமொழிகூடக் கிடையாமற் போனமையால், இம்மடலைப் பத்திரிகை வாயிலாக எழுதத் துணிந்தேன். சட்டதிட்டங்களைத் தாங்கள் என்னிலும் நன்கறிவீர்கள். ஆகையால் அவற்றை விட்டு, நடந்த ஒரு காரியத்தை மாத்திரம் சொல்லுகிறேன்.

உயிரியல் பயிலும் என் தமக்கையின் மகள், சென்ற மழைக்காலத்தில், தெனியாயப் பக்கத்துக் காட்டோரங்களில், தேயிலைத் தோட்டத்துப் பெண்களின் உதவியோடு அட்டை சேகரித்தாள். காலில் ஏறும் அட்டையை உதறிவிடுவதே வழக்கமாகக் கொண்ட அப்பெண்கள், அவளுக்காக, அது கடிக்குமுன் இடுக்கியால் எடுத்து, எதனோல் நிறைந்த சிறு குப்பியில் இட்டு, பிடித்த இடமும் தேதியும் பென்சிலால் எழுதிய காகிதத் துண்டை உள்ளே போட்டு மூடினார்கள்.

அவள் அட்டை சேகரித்ததன் காரணம் இது: அட்டை முன்னர் ஒரு விலங்கிடம் குடித்த இரத்தத்தில் அவ்விலங்கின் டி.என்.ஏ. மாதக்கணக்கில் அழியாதிருக்கிறது. மருத்துவ அட்டைக்கு ஆட்டிரத்தம் ஊட்டிச் சோதித்தவர்கள் நான்கு மாதங்களின் பின்னும் அதைக் கண்டெடுத்தனர். அவர்களே, 2012இல் வெளியான ஆய்வில், வியட்நாமியக் காட்டிலிருந்து வந்த 25 அட்டைகளுள் 21இல் பாலூட்டிகளின் அடையாளத்தைக் கண்டனர். கமெராவுக்கு அகப்படாதிருந்த கோடிட்ட முயலும் அவற்றுள் ஒன்று. சீனத்து அய்லாவ் மலைக் காப்பகத்திலோ 163 வனக்காவலர்கள் திரட்டிய 30,468 அட்டைகளிலிருந்து 86 வகை முதுகெலும்புள்ள ஜீவராசிகள் தெரியவந்தன. பொறி வேண்டியதில்லை, வெடி வேண்டியதில்லை, ஒரு சருகுமானையேனும் துன்புறுத்த வேண்டியதில்லை. பதினான்காம் நூற்றாண்டில் சிவனொளிபாதமலைக்கு ஏறிய பயணி இபுனு பதூதாவே எழுதிவைக்கும் அளவுக்கு அட்டை மலிந்த நாடு நம்முடையது.

அந்தக் குப்பிகளை ஆய்வுகூடத்துக்கு அனுப்பத் தங்கள் ஒப்பம் தேவையாயிற்று. பெட்டி தங்கள் அலுவலகத்துக்கு வந்தது. எண்ணிக்கை சரிபார்க்கிறோமென்று அங்குள்ளோர் குப்பிகளையெல்லாம் திறந்து, அட்டைகளை ஒரே தட்டில் கொட்டி, எண்ணி, எந்த அட்டை எந்தக் குப்பிக்குரியது என்ற விசாரமின்றி மீண்டும் நிரப்பி, எதனோல் ஊற்றாமலே யன்னலோரத்தில் வைத்துவிட்டனர். மருமகள் போய்ப் பார்த்தபோது அவை கறுத்துச் சுருங்கிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தன. அதன்பின் வந்த கடிதத்தில், மாதிரிகள் பழுதடைந்தமையால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது என்றிருந்தது. அடியில் உங்கள் கையெழுத்து.

பழுதாக்கியவர்கள் யார், ஐயா? உங்கள் யன்னலோரத்தில் உலர்ந்த பொருளைக் காரணங்காட்டி ஒரு மாணவியின் உழைப்பை நிராகரிக்க உங்கள் கை எவ்வாறு எழுந்தது? மழையில் நின்று அட்டை பிடித்த அந்தத் தோட்டத்துப் பெண்களுக்கு, உங்கள் பிரயாசை இன்ன அலுவலகத்தில் இவ்வாறு பாழாயிற்று என்று எந்த முகத்தோடு சொல்வது?

2025 மார்ச் 15 அன்று காலை எட்டு மணிக்கு, பயிரழிக்கும் குரங்கையும் மயிலையும் எண்ணுவதற்கு நாடு முழுவதும் ஐந்து நிமிடம் ஒதுக்கப்பட்டது. பகலில் வெளிவராத தேவாங்கையும், சருகுக்கடியில் வாழும் மூஞ்சூறையும் அவ்வாறு எண்ண இயலாது; அதற்கு அட்டை போன்ற வேறு வழியே வேண்டும். 1988இல் உலக மரபுரிமையென அறிவிக்கப்பட்ட சிங்கராஜ வனத்திலிருந்தே, விஞ்ஞானம் அதுவரை அறியாதிருந்த மூஞ்சூறு இனமொன்று 2007இல்தான் விவரிக்கப்பட்டது. இன்னும் என்னென்ன உள்ளன, எவை நாம் அறியுமுன்னரே மறைந்துகொண்டிருக்கின்றன என்பதை அறிய வழியிருந்தும் அறியாதிருப்பது, பாதுகாக்கும் பொறுப்பை ஏற்றவர்களுக்குப் பெரும் பாவம்.

தென்மேல் பருவமழை மே மாதத்தில் தொடங்கும். அட்டைகள் மறுபடி வெளிவரும். அதற்குள் புதிய அனுமதியில் கையெழுத்திடுங்கள். இயலாதெனில், மெய்யான காரணத்தை எழுதி, இம்முறையாவது மறுமொழி அனுப்புங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியன்,
ஜிந்துப்பிட்டி, கொழும்பு 13.